கோலாலம்பூரில் மூன்று நாள்: இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலையையும் தவிர என்ன இருக்கிறது?

குடும்பத்துடன் முதன்முறையாகக் கோலாலம்பூருக்கு வருவதாகவும், இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலையையும் பார்த்த பிறகு மிஞ்சும் நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். "அங்குள்ள லிட்டில் இந்தியா நம் ஊர்க் கடைத்தெரு மாதிரிதானே, அதற்கு நேரம் ஒதுக்க வேண்டுமா?" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நான் செந்தூலில் பிறந்து, இன்றும் இந்த நகரத்தில் வசிப்பவள். அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது.

மூன்று நாள் போதும். ஆனால் அதில் ஒரு முழுக் காலைப்பொழுதைப் பழைய நகரத்துக்குள் கால்நடையாகச் சுற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 452 மீட்டர் உயரமும் 88 மாடிகளும் கொண்ட அந்தக் கட்டடங்கள் எங்களுக்கும் பெருமைதான். மாலையில் விளக்கு எரியத் தொடங்கும் வேளையில் கீழேயுள்ள பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மனம் நிறையப் பார்த்துவிடலாம். மேலே ஏற வேண்டுமென்றால் சீட்டை முன்பதிவு செய்துவிடுங்கள். ஆனால் இந்த நகரம் எப்படி உண்டாயிற்று, இதில் யார் யார் வாழ்கிறார்கள் என்பது கோபுர உச்சியிலிருந்து தெரியாது.

மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு இறங்குங்கள். வெயில் ஏறியிருக்காது, இங்கே மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு கொட்டும். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற முனையில், செங்கல் நிறமும் வெள்ளையும் பட்டை பட்டையாக அமைந்த பள்ளிவாசல் ஒன்றைக் காண்பீர்கள். 1909இல் கட்டிமுடிக்கப்பட்ட அதை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்னும் ஆங்கிலேயர். பழைய ரயில் நிலையமும் அவர் வரைந்ததுதான். தொழுகை இல்லாத நேரத்தில் மற்ற மதத்தவரையும் உள்ளே அனுமதிப்பார்கள். மேலே போட்டுக்கொள்ள அங்கியும் கொடுப்பார்கள். 1857 வாக்கில் அம்பாங் பகுதியில் வெள்ளீயம் தேடிப் புறப்பட்ட சீனத் தொழிலாளர்கள் படகை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் நடக்கத் தொடங்கிய இடம் இந்த ஆற்றுமுனைதான். காய்ச்சலில் அவர்களில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். ஆனாலும் அடுத்தடுத்து ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால்தான் இங்கே ஓர் ஊர் உண்டாயிற்று.

அங்கிருந்து மேடான் பாசார் சதுக்கத்தின் வழியாகத் தெற்கே நடந்தால், சந்துக்குள் ஒளிந்திருப்பதுபோல் சின் சே சி யா என்ற சீனக் கோயில் இருக்கிறது. இந்நகரைக் கட்டியெழுப்பிய சீனர் தலைவர் யாப் ஆ லோய் 1864இல் நிறுவியது. இன்னும் சற்று நடந்து ஜாலான் துன் எச். எஸ். லீ சாலைக்கு வந்தால், கூரையிலிருந்து சுருள் சுருளாக ஊதுவத்தி தொங்கும் குவான் தி கோயிலும், அதற்கு ஏறக்குறைய எதிரிலேயே ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலின் ஐந்துநிலை ராஜகோபுரமும் தெரியும். 1873இல் மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளைதான் பத்துமலைக் குகையில் முருகனுக்கு வழிபாடு தொடங்கக் காரணமானவர். ஒரு சீன மூதாட்டி குவான் தி கோயிலில் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, சாலையைக் கடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, அம்மனுக்கு எண்ணெய் விளக்கு ஏற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே யாருக்கும் அது வியப்பாகத் தெரிவதில்லை.

அந்தக் கோயில் வாசல் பூக்கடையில் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் தாத்தாவின் தம்பி பேரன், எனக்கு அண்ணன் முறை, முசிறிப் பக்கத்திலிருந்து அண்ணியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு சுற்றுலா நிறுவனத்தின் ஏற்பாட்டில் வந்திருந்தார். அந்த நிறுவனம் அவர்களைப் பத்துமலையில் அரை மணி நேரம் மட்டும் நிற்க வைத்து, அதைவிட அதிக நேரத்தை ஒரு சாக்லேட் கடையிலும் ஒரு கைக்கடிகாரக் கடையிலும் கழிக்க வைத்ததாம். வெளியூரிலிருந்து கடன்பட்டும் சேமித்தும் வருகிறவர்களைக் கமிஷனுக்காகக் கடைக்குள் அடைத்துவைப்பது எனக்குப் பொறுக்க முடியாத செயல். சென்னையிலேயே பயணத் திட்டத்தைக் கையில் வாங்கி, கடைகளுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அவர்களுக்கு ஓய்வாகக் கிடைத்த ஒரு காலையில் நான் மேலே சொன்ன அதே வழியில் அழைத்து வந்தேன்.

பூக்கடையில் இருபது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர் மல்லிகையையும் ரோஜாவையும் இடைவெளி தெரியாமல் நெருக்கி நாரில் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளியில் தண்ணீர், காலடியில் பனிக்கட்டி போட்ட பெட்டி. அண்ணிக்கு இரண்டு முழம் கேட்டோம். அண்ணன் அன்பாகத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"தம்பிக்கு எந்த ஊர்?"

"கிள்ளான், அண்ணே."

"அது சரி, சொந்த ஊர்?"

"கிள்ளான்தாண்ணே. அப்பாவுக்குக் காப்பார்."

"இல்லப்பா, தமிழ்நாட்டுல எந்த ஊர்?"

அந்தத் தம்பி முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "தாத்தாவோட அப்பா வந்தாராம். எந்த ஊருன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாதுண்ணே" என்றார். அண்ணன் "அடப் பாவமே" என்றார்.

அண்ணனுடைய மனத்தில் இளக்காரம் துளியும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் எங்களுக்கு வலிக்கும். ஊர் தெரியாதவர் என்று அவர் இரக்கப்பட்டாரே, அந்தத் தம்பிக்கு ஊர் இருக்கிறது. அதன் பெயரை இரண்டு முறை சொன்னார். என் தாத்தா, 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்துவதற்குச் சற்று முன்பு, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்து, கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற நிலை வந்தபோது, தோட்டத்து வரிசை வீடுகளான அதே லயத்தில் ஒன்றாக வாழ்ந்த பலர் திரும்பவும் கப்பலேறிப் போனார்கள். குடியுரிமை பெற்றிருந்த தாத்தா இங்கேயே நின்றார். அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தார். எங்களுக்கு ஊர் என்றால் இதுதான்.

இப்படி எழுதினால், "தமிழ்நாட்டை அந்நியமாக்கிப் பேசுகிறார்" என்று சிலர் வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. முதலாவது உலகத் தமிழ் மாநாடு 1966இல் கூடியது இந்தக் கோலாலம்பூரில்தான். அதற்கு முன்நின்று உழைத்த தனிநாயகம் அடிகளார் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தார். நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை இன்றும் நடத்துகிறோம். உறவு வேண்டாம் என்பவர்கள் இவற்றையெல்லாம் செய்துகொண்டிருப்பார்களா? மாறாக, "மலேசியாவில் எல்லாம் சொர்க்கம் என்கிறீர்களா?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அதுவும் இல்லை. 2007 நவம்பர் 25 அன்று ஆயிரக்கணக்கான மலேசிய இந்தியர்கள் உரிமை கேட்டு இந்நகர வீதிகளில் திரண்டார்கள் என்றால் அதற்குக் காரணங்கள் இருந்தன. தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்து அடுக்குமாடிகளில் ஒண்டிய குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் குறைகளை எங்கள் நாட்டின் குடிமக்களாக நாங்கள் பேசுகிறோம். மூன்று நாள் வருகிற விருந்தாளிகள் எங்களைப் பார்த்து இரங்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறேன். பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு அந்தப் பட்டம் அரசாங்கம் 2010இல் கொடுத்தது; ஊர் அதைவிட மிகப் பழையது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு கட்டிய நகரத்தை அழித்தபின், செங்கல்லால் திரும்பக் கட்டுவதற்காகச் சூளைகள் எழுந்த இடம் இது. பிறகு ரயில் வந்தது. தண்டவாளம் போட்ட தமிழ்நாட்டுக் கூலியாட்களும், கணக்கும் நிலைய நிர்வாகமும் பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர்களும் இங்கே குடியேறினார்கள். சிங்களவர்கள் 1894இல் தொடங்கிய புத்த விகாரம் இருக்கிறது. 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம் இருக்கிறது. தேவாலயங்களும் சீனக் கோயில்களும் இருக்கின்றன. பார்வையற்றோர் சங்கம் இங்கேயே இருப்பதால், பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் பல உண்டு. நடைபாதையில் அவர்களுடைய கோலுக்கு வழிகாட்டும் மேடு வைத்த ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். அதன்மேல் நின்று படம் எடுக்காமல் வழிவிடச் சொல்லுங்கள். வெறும் புடவைக் கடைகளுக்காக வருவதென்றால் வர வேண்டாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்நாட்டுக் கடைத்தெருவின் நகல் என்று நினைத்து இதைத் தவிர்த்துவிட வேண்டாம்.

மதியச் சாப்பாட்டை அங்கேயே ஒரு வாழையிலைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன அன்று, பக்கத்து மேசையில் முக்காடு அணிந்த மலாய்க்கார அலுவலகப் பெண்கள் இருவர் ரசத்தைத் தனியாகக் குவளையில் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். எதிரில் ஒரு சீனக் குடும்பம் பாகற்காய் வறுவலை இரண்டாம் முறை கேட்டது. அண்ணி அதைச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மாலைத் தேநீருக்குத் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குப் போங்கள். அங்கே எந்த இனத்தவரும் கடைக்காரரை "ஆனே" (நம் "அண்ணே"தான்) என்று கூப்பிடுவார்கள். தே தாரேக் என்னும் ஆற்றிய பால் தேநீர் உங்களுக்கு இனிப்பு மிகுதியாகத் தோன்றும். "குராங் மானிஸ்" என்று சொன்னால் சர்க்கரையைக் குறைத்துக் கொடுப்பார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் பிரிக்பீல்ட்ஸ் கடைகளைத் தவிர, பௌத்தர்கள் நடத்தும் சீனச் சைவ உணவகங்களிலும் நிம்மதியாகச் சாப்பிடலாம். காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட ஆசைப்பட்டால், அதில் நெத்திலி இருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

மலாய்க்காரர்களின் வாழ்க்கையைப் பார்க்காமல் திரும்பினால் பயணம் அரைகுறையாகிவிடும். இரட்டைக் கோபுரத்துக்கு மிக அருகிலேயே கம்போங் பாரு இருக்கிறது. 1900இல் மலாய்க்காரர்களின் குடியிருப்பாக ஒதுக்கப்பட்ட இடம். தூண்களின்மேல் எழுப்பிய மரவீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. சாயங்காலம் அங்கே நடந்துவிட்டு அப்படியே கோபுரப் பூங்காவுக்குப் போய்விடலாம். பிற்பகல் மழைக்கு, 1963இல் திறந்த தேசிய அருங்காட்சியகம் நல்ல ஒதுங்கிடம்.

பத்துமலைக்குத் தனியாக வண்டி பேச வேண்டிய அவசியமே இல்லை. நகரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் என்னும் புறநகர் ரயில் அடிவாரம்வரை செல்கிறது. பெண்களுக்கென்று தனிப் பெட்டிகளும் அதில் உண்டு. 272 படிகளையும் வெயிலுக்கு முன்னால் ஏறி இறங்கிவிட வேண்டும் என்பதால் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். கையில் பழப்பை இருந்தால் குரங்கு பிடுங்கும். 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006இல் வந்தது. படிகளுக்கு வண்ணம் பூசியது 2018இல். படம் எடுப்பவர்கள் இவற்றோடு நின்றுவிடுகிறார்கள். மேலே குகைக்குள் போய், கூரைத் திறப்பின் வழியாக வெளிச்சம் விழும் இடத்தில் சற்று நேரம் அமர்ந்து வாருங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் தொடங்கியது; சீட்டு எடுப்பதற்கு முன் அது தொடர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் மின்னியல் வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும்.

தைப்பூசத்தை ஒட்டி வருவதாக இருந்தால் தங்குமிடத்தைப் பழைய நகரத்திலேயே எடுங்கள். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு இரவில் மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுப் பத்துமலைவரை விடிய விடியப் போகும். கூடவே மக்கள் வெள்ளம் நடக்கும். சிறு பிள்ளைகளோடு அவ்வளவு தொலைவு நடக்க முடியாது. புறப்பாட்டைக் கோயில் வாசலில் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்புங்கள். தைப்பூச நாட்களில் பத்துமலையைச் சுற்றியுள்ள சாலைகளை அடைத்துவிடுவார்கள் என்பதால் ரயிலைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.