மகனை வெல்டிங் துறைக்கு அனுப்பலாமா?

ஐயா, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த மகன் வெல்டிங்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடைசிவரை ஹோல்டரும் கையுமாகவே நின்றுவிடுவானோ என்ற பயம் நியாயமானது. ஆனால் அவன் உங்களிடம் கேட்டதாக ஒரு கேள்வியையும் எழுதியிருக்கிறீர்கள்: எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாயில் வெல்டு நன்றாக இருக்க, அதை ஒட்டிய இடம் மட்டும் ஏன் அரித்துப்போகிறது? இதைக் கேட்கிற பையனைத் தடுக்காதீர்கள்.

விஷயம் இதுதான். எஸ்.எஸ்.ஸில் 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம் உண்டு. துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். வெல்டிங் சூட்டில் பக்கத்துப் பகுதி 450 முதல் 850 டிகிரி செல்சியஸுக்குள் அதிக நேரம் இருந்துவிட்டால், கார்பன் அந்தக் குரோமியத்தோடு சேர்ந்து கார்பைடாகி, உலோகத்துக்குள் நெருங்கியிருக்கும் நுண்ணிய படிக மணிகளின் எல்லைகளில் படியும். எல்லையோரம் குரோமியம் குறைந்துபோக, அரிப்பு அந்த வழியாகவே உள்ளே இறங்கும். கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாத 304எல் தகடு கேட்பது இதற்காகத்தான்.

கடினத்தன்மையின் கதை வேறு. குளிர்நிலையில் உருட்டி இறுக்கிய 304 தகடு, வெல்டுக்குப் பக்கத்தில் இளகிவிடும். 410 என்ற இன்னொரு எஸ்.எஸ். ரகமோ அதே இடத்தில் மார்ட்டன்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறி இறுகும், விரிசல் விடவும் கூடும். அதனால் முன்சூடேற்றுவார்கள், அப்புறம் டெம்பரிங்கும் (இறுகியதை மறுபடி அளவாகச் சூடேற்றித் தளர்த்துவது) செய்வார்கள். எதற்கு எவ்வளவு சூடு என்று முடிவெடுப்பவர் வெல்டிங் இன்ஜினியர். வெல்டை வெட்டி, மெருகேற்றி, ஆக்சாலிக் அமிலத்தில் எட்சிங் செய்து (மேற்பரப்பை லேசாக அரிக்கவிட்டு) மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதும், வைரமுனையால் வரிசையாக அழுத்தி கடினத்தன்மையைச் சொல்லும் விக்கர்ஸ் எண் எடுப்பதும் ஆய்வகத்தார் வேலை. உங்கள் மகன் போகவேண்டிய இடம் அது.

லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். உலோகவியல் கிடைத்தால் மிக நல்லது. பிறகு திருச்சி என்.ஐ.டி.யில் வெல்டிங் இன்ஜினியரிங்கில் எம்.டெக். இருக்கிறது. அதே ஊரில் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் பயிற்சி தருகிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வெல்டிங் இன்ஸ்பெக்டர் சான்றிதழ் என்று பெரும்பணம் கேட்கும் குறுகிய காலப் படிப்பில் இப்போதே சேர்க்கவேண்டாம். முதலில் ஒரு வருடமாவது ஷாப்பில் டிக் (டங்ஸ்டன் முனையால் செய்யும் வெல்டிங்) டார்ச் பிடிக்கட்டும். கையில் வேலை தெரியாதவர் போடும் கையெழுத்தை வெல்டர்கள் மதிப்பதில்லை. வேலை தேடும்போது, அந்த நிறுவனத்தில் சோதனைக்கூடம் இருக்கிறதா, புதியவர்களை உள்ளே விடுவார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் அங்கேயே சேரட்டும்.