கிணற்று உப்பும் சிரட்டைக் கரியும்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

இராமநாதபுரத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். வேதியியலில் ஈடுபாடுள்ள மகளை, உறவினர்களின் வற்புறுத்தலுக்காக நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியலில் சேர்க்க நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்க வேண்டாம். அந்தப் படிப்பில் குறையில்லை. ஆனால் அதை விரும்பாத பெண்ணின் பேரில் கடன் வாங்கி ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மற்ற படிப்புகளைப் பற்றிப் பலரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உங்கள் கிணற்று நீரின் உப்பை எப்படி நீக்குவது என்று மகள் ஓயாமல் கேட்பதாக எழுதியிருந்தீர்களே, அந்தக் கேள்விக்கென்றே மின்தேக்க முறை உப்பகற்றல் என்றொரு துறை இருக்கிறது. நுண்துளைகள் நிறைந்த இரண்டு கார்பன் மின்முனைகளுக்கு இடையே நீரை ஓடவிட்டு ஏறத்தாழ 1.2 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், உப்பிலுள்ள, மின்னேற்றம் கொண்ட சோடியம் அயனிகள் எதிர்மின்முனையின் துளைகளிலும் குளோரைடு அயனிகள் நேர்மின்முனையின் துளைகளிலும் தங்கிவிடும். மின்னழுத்தத்தைத் திருப்பினால் அவை வெளியேறி, மின்முனை மீண்டும் பயன்பாட்டுக்கு வரும். மின்னழுத்தத்தை அதிகம் கூட்டவும் முடியாது, நீரே பிளவுபடத் தொடங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீருக்கு, நீரை உயர் அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளும் எதிர்ச் சவ்வூடு பரவல்தான் (ஆர்.ஓ.) ஏற்றது. ஓரளவே உப்பான கிணற்று நீருக்கு, உயர் அழுத்தப் பம்பு தேவைப்படாத இந்த முறை பொருந்தும்.

இதன் சூட்சுமமெல்லாம் மின்முனை செய்யும் கரியில்தான் இருக்கிறது. காங்கேயம் பக்கம் சுட்டெடுக்கும் தேங்காய்ச் சிரட்டைக் கரியை மிகுந்த வெப்பத்தில் நீராவியால் கிளர்வூட்டினால், அதாவது அதில் நுண்துளைகள் உண்டாகச் செய்தால், ஒரு கிராமில் 1000 சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு கிடைக்கும். ஆனால் 2 நானோமீட்டருக்கும் சிறிய துளைகளுக்குள் அயனிகள் மெதுவாகவே செல்லும் என்பதால், வழிவிடப் பெரிய துளைகளும் வேண்டும். போதாததற்கு, நேர்மின்முனைக் கரி நாளடைவில் ஆக்சிசனேற்றமடைந்து திறன் இழக்கிறது. இவை இன்னும் முழுதாகத் தீராத சிக்கல்கள். உங்கள் மகளுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது.

அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்து, முதுநிலை அறிவியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜாம் வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.டெக். படிப்பையும் விசாரியுங்கள். பிறகு தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். முனைவர் பட்டம் வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகும். அதுவரை பெரிய சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள், திருமணப் பேச்சால் அவரை அவசரப்படுத்தவும் செய்யாதீர்கள். உறவினர்களிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். கல்லூரி விண்ணப்பத்தை மகள் தம் கையால் நிரப்பட்டும்.