ஒரு யார்டு, 26 நொடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அமெரிக்கன் ஃபுட்பாலின் கடைசிச் சுற்றுகளான பிளே ஆஃப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2025 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸ் வாஷிங்டனோடு மோதியபோது, டெட்ராய்ட் ஜெயிக்க 75 சதவீத வாய்ப்பு என்று ஆட்டத்துக்கு முன்பே எழுதினீர்கள். 45-31 என்று தோற்றார்கள். அதன் பிறகும் கணிப்பில் பெரிய தவறில்லை என்கிறீர்கள். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி என்றால் அது என்ன கணிப்பு?

இன்னொன்று. 2015-இல் கோப்பைக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கடைசி நிமிடத்தில், பந்தோடு ஓடச் சொல்லாமல் பாஸ் வீசச் சொன்னார் சியாட்டில் கோச் பீட் கேரல்; அதை எதிரணி பிடித்துவிட்டது. அந்த முடிவை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரெட்மண்டில் இருக்கிறேன். அன்று எங்கள் வீட்டு ஹாலில் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். பந்தோடு ஓடுகிற எங்கள் மார்ஷான் லிஞ்ச் கையில் பந்தைக் கொடுத்திருந்தால் கோப்பை எங்களுக்கு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம் இது. உங்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

கதிரவன், ரெட்மண்ட்

அன்புள்ள கதிரவன்,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகனில் இருப்பவன். 1957-க்குப் பிறகு ஒரு பட்டம்கூட இல்லாத, சூப்பர் பவுல் வரை ஒருமுறையாவது போகாத அணி எங்களுடையது. அந்த வருடம் 15 வெற்றி, 2 தோல்வி என்று முதலிடத்தில் வந்து, சொந்த மைதானத்தில் தோற்றபோது நண்பர் வீட்டில் யாரும் அரை மணி நேரம் பேசவில்லை. அந்த வலி தெரிந்துதான் எழுதுகிறேன்.

சியாட்டிலிலிருந்தே தொடங்குகிறேன். எதிரணி நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24. சியாட்டிலின் கியர்ஸ் கீழே விழுந்தபடியே, மேலே பட்டுத் துள்ளிய பந்தைப் பிடித்து அணியை, எல்லைக்கோட்டுக்கு 5 யார்டே மிச்சமிருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அடுத்த முயற்சியில் லிஞ்ச் 4 யார்டு ஓடினார். மிச்சம் ஒரே யார்டு. பந்தை உதைத்துப் போடும் ஃபீல்ட் கோலின் 3 புள்ளி போதாது, பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டும் டச் டவுன்தான் வேண்டும். மூன்று முயற்சி பாக்கி, கடிகாரத்தை நிறுத்தக் கையில் ஒரே ஒரு டைம் அவுட். அடுத்த முயற்சிக்குப் பந்து கைக்கு வரும்போது கடிகாரத்தில் 26 நொடி.

ஓடுகிறவரை மடக்கிக் கீழே தள்ளினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ் தரையில் விழுந்தால் நின்றுவிடும். ஒரே டைம் அவுட்டை வைத்துக்கொண்டு மூன்று முயற்சியையும் பார்த்துவிட வேண்டுமென்றால் அதில் ஒன்றாவது பாஸாக இருந்தாக வேண்டும். எதை எப்போது என்பதுதான் கேள்வி. எதிரே நின்றவர்களோ லிஞ்ச்சை மறிப்பதற்கென்றே வந்த கனத்த ஆட்கள். அந்த சீசனில் எல்லா அணிகளும் சேர்ந்து ஒரு யார்டு கோட்டிலிருந்து 100-க்கும் மேற்பட்ட பாஸ் வீசியிருந்தன. ஒன்றைக்கூட எதிரணி பிடித்ததில்லை. கேரல் கையில் இருந்த கணக்கு இது.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். லிஞ்ச் விழுந்தபோது ஏறக்குறைய ஒரு நிமிடம் இருந்தது. சியாட்டில் டச் டவுன் போட்டுவிட்டால் திருப்பி ஆட நேரம் வேண்டுமே என்று வேறு எந்த கோச்சும் உடனே டைம் அவுட் கேட்டிருப்பார். நியூ இங்கிலாந்து கோச் பில் பெலிச்சிக் கேட்கவில்லை. கையில் டைம் அவுட் இருந்தும் நொடிகள் கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். லிஞ்ச் உள்ளே போயிருந்தால் அடுத்த நாள் பேப்பரில் கிழிபட்டிருப்பவர் அவர்தான். அதே அரை நிமிடத்தில் இரண்டு கோச்சுகள் இரண்டு ஆபத்தான முடிவு எடுத்தார்கள். பந்து போன இடத்தை வைத்து ஒருவரை மேதை என்றோம், மற்றவரை முட்டாள் என்றோம்.

தமிழில் ‘முடிவு’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். எடுத்த முடிவும் அதுதான், வந்த முடிவும் அதுதான். நம் சண்டையெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் வருகிறது என்று எனக்குத் தோன்றும். வந்த முடிவு மோசம் என்பதால் எடுத்த முடிவும் மோசம் என்றால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்குக் காக்கையைக் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

அந்தப் பாஸைக் குறுக்கே பாய்ந்து பிடித்த நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லரைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ஆள் அவர், முதல் வருடம். அதே ஆட்டமுறையைப் பயிற்சியில் நியூ இங்கிலாந்து போட்டுப் பார்த்தபோது பட்லர் ஒரு எட்டு பிந்திப்போய் டச் டவுன் விட்டிருக்கிறார். சியாட்டில் ஆட்கள் வந்து நின்ற விதத்தைப் பார்த்ததும் அவருக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது. சியாட்டிலுக்காகப் பாஸ் வீசும் வில்சன் கையிலிருந்து பந்து கிளம்பும்போதே பாய்ந்துவிட்டார். பாஸை வாங்க வேண்டிய லாக்கெட்டுக்கு ஒரு கணம் முன்னால் பட்லர் அங்கே இருந்தார். இது கேரலின் முட்டாள்தனத்தைவிட ஒரு புதுப் பையனின் உழைப்பு. சியாட்டில்காரர்கள் அவருக்கு அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

சரி, ‘சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்’ என்கிறீர்கள். எப்போது தெரிந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1972-இல் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன், அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க வாய்ப்பு என்று மாணவர்களிடம் எண்ணாக எழுதி வாங்கினார் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர். பயணம் முடிந்த பிறகு, நீங்கள் முன்பு என்ன எழுதினீர்கள் என்று அவர்களையே கேட்டார். நடந்துவிட்ட விஷயங்களுக்கு, எழுதியதைவிடக் கூடுதலான எண்ணை எழுதியதாகவே பலரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மனது பழைய பக்கத்தைத் திருத்தி வைத்துவிடுகிறது.

எனக்கே இது நடந்தது. 2017 சூப்பர் பவுலில் அட்லாண்டா 28-3 என்று முன்னால் இருந்து, கடைசியில் கூடுதல் நேரத்தில் பிரேடி ஆடிய நியூ இங்கிலாந்திடம் 34-28 என்று தோற்றது. ‘பிரேடி திரும்பி வருவார் என்று எனக்கு அப்போதே பட்டது’ என்று இரண்டு வருடம் எல்லோரிடமும் மனதாரச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பழைய நோட்டு கையில் கிடைத்தது. 21-3 என்று இருந்த இடைவேளையில் என் கையெழுத்தில் ‘அட்லாண்டா 95’ என்று இருக்கிறது. அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன் எண்ணை எழுதாமல் நான் கணிப்பு பேசுவதில்லை.

அதனால் உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல முடியும். 75 என்றால் நான்கில் ஒருமுறை தோற்பார்கள் என்று நானே சொல்லிவிட்டேன் என்றுதான் அர்த்தம். ஒரே ஆட்டத்தை வைத்து அதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல முடியாது. நான் 75 என்று எழுதிய எல்லா ஆட்டங்களையும் அடுக்கி, நான்கில் மூன்று ஜெயித்ததா என்று எண்ணுங்கள். பாதிதான் ஜெயித்தது என்றால் நான் தவறு. அத்தனையும் ஜெயித்திருந்தாலும் தவறுதான், 90 என்று எழுதியிருக்க வேண்டும். வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950-இலேயே மழைக் கணிப்பை மதிப்பிட ஒரு சூத்திரம் எழுதினார். நோட்டும் பேனாவும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் இந்தப் பிளே ஆஃபின் அமைப்பையும் பாருங்கள். கூடைப்பந்தில் ஏழு ஆட்டம் வரை போகும், நல்ல அணி சறுக்கினாலும் எழுந்துகொள்ளலாம். இங்கே ஒரே ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. முதலிடத்தில் வந்த அணிகூடக் கோப்பைக்கு மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், மூன்றையும் பெருக்கினால் 34-தான் வருகிறது. மூன்றில் இரண்டு வருடம் நல்ல அணி அழும்.

டெட்ராய்ட் தோற்ற மறுநாள், அணியின் முக்கியத் தடுப்பு வீரர் ஹட்சின்சன் காலை உடைத்துக்கொண்டபோதே முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு அக்டோபரில் அடிபட்டது, அந்தக் காயமும் என் 75-க்குள் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் ஐந்து முறை பந்தைப் பறிகொடுப்பார்கள் என்பது அதற்குள் இல்லை. அதை முன்கூட்டி எழுதிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

கேரல் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. பாஸ் போட்டதில் இல்லை, கூட்டத்துக்கு நடுவே குறுக்காகப் போடச் சொன்னதில். மூலைக்கு வீசியிருந்தால் ஒன்று டச் டவுன், இல்லையென்றால் பந்து கோட்டுக்கு வெளியே போய்க் கடிகாரம் நின்றிருக்கும். வேகமாக ஓடக்கூடிய வில்சனையே பக்கவாட்டில் ஓடவிட்டு, பார்த்து வீசச் சொல்லியிருக்கலாம். கேரல் சொன்ன ஆட்டமுறை பலிக்க வேண்டுமென்றால் கியர்ஸ் முன்னால் போய் பட்லரின் வழியை மறிக்க வேண்டும். கியர்ஸை அசையவிடாமல் நிறுத்தியவர் பிராண்டன் பிரவுனர். அவர் முந்தைய சீசன் வரை சியாட்டில் ஆள். கனடா லீகில் ஆடிக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்து ஆடவைத்தவரே கேரல்தான். பிரவுனர் எதிரே நின்று கைவைத்தால் ஒருவரும் நகர முடியாது என்பது பந்து கிளம்புவதற்கு முன்பே கேரலுக்குத் தெரிந்த விஷயம். அவரைச் சந்திக்க முடிந்தால் நான் கேட்க நினைப்பது அந்த ஒன்றைத்தான்.

அன்புடன்