உபுட்டிலிருந்து ஒரு நாள்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன்

வணக்கம். பாலித் தீவின் உபுட்டில் தங்கியபடி, முழங்கால் வலியுள்ள எழுபது வயது அம்மாவுடன் தனிக் காரில் தானா லோட், பெசாகி, உலுவாத்து கோயில்கள், கிந்தாமணி மலைப்பகுதி ஆகிய நான்கையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். முதலாவது தென்மேற்குக் கடற்கரையிலும் உலுவாத்து தென்கோடியிலும் மற்ற இரண்டும் வடகிழக்கு மலைப்பக்கத்திலும் இருப்பதால், பகல் முழுவதும் காரிலேயே கழிந்துவிடும்.

காலையிலேயே தம்பாக்சிரிங்கிலுள்ள தீர்த்த எம்புல் கோயிலுக்குச் சென்றுவிடுங்கள். உள்முற்றத்துக் குளத்தில், தெளிந்த நீருக்கடியில் ஊற்று கருமணலைக் கிளப்பிக்கொண்டு பொங்குவதை அம்மா நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். தனியாக உள்ள நீராடும் குளத்தில் நீங்கள் இறங்கினால், இறந்தோர் சடங்குக்குரிய நீர்த்தாரைகள் எவை என்று முன்னதாகவே கேட்டறிந்து, அவற்றை விட்டுவிட வேண்டும். இடுப்பில் சாரோங் (கைலி போன்ற துணி) அணிவது கட்டாயம்.

அருகிலுள்ள குனுங் காவியின் 11ஆம் நூற்றாண்டுப் பாறைச் சன்னதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் ஏறத்தாழ 300 படிகள் இறங்கி ஏற வேண்டியிருப்பதால் அம்மாவை அங்கே அழைத்துச் செல்லாதீர்கள். மேகம் சூழுமுன் கிந்தாமணியை அடைந்து, 1,717 மீட்டர் உயரமுள்ள பாத்தூர் எரிமலையைப் பார்த்தபடி மதிய உணவை முடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் தெகல்லாலாங்கின் நெல்வயல் அடுக்குகளைச் சாலையோரத்திலிருந்தே பாருங்கள். தானா லோட்டை வேறொரு மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.