தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போன மனிதர்

கேள்வி: என் கணவர் ஒரு பத்திரிகைக்கு மாவட்ட நிருபர். அரசு அலுவலகக் கோப்பு ஒன்றின் நகலை வைத்து அவர் எழுதிய செய்தி சில மாதங்களுக்கு முன் வெளிவந்தது. கோப்பு எப்படி வெளியே போனது என்று இப்போது வழக்குப் போட்டிருக்கிறார்கள். இவருக்கு இரண்டு முறை சம்மன் வந்துவிட்டது. கொடுத்தது யார் என்று சொன்னால் சாட்சியாக விட்டுவிடுவோம், இல்லையென்றால் உள்ளே போக வேண்டியிருக்கும் என்கிறார்கள். இவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். மூத்தவள் பத்தாம் வகுப்பு, சின்னவனுக்கு ஆறு வயது, வீட்டுக் கடன் வேறு. அந்த மனிதர் ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று தோசை சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார். நல்ல மாதிரிதான். ஆனால் யாரோ ஒருவருக்காக நானும் பிள்ளைகளும் ஏன் தெருவில் நிற்க வேண்டும்? என் அண்ணனுக்குப் பழக்கமான இன்ஸ்பெக்டர் சுமுகமாக முடித்துத் தருகிறேன் என்கிறார். பெயரைச் சொல்லிவிடும்படி என் கணவருக்கு நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். உங்கள் பகுதியை விடாமல் படிப்பவர் அவர். 
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதம் ஐந்து பக்கம். மேலே இருப்பது அதில் கால் பங்குகூட இல்லை. மீதியை அடித்தவள் நான். ஊர், துறை, செய்தி வந்த மாதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பிள்ளைகளின் வயதையும் மாற்றியிருக்கிறேன். அந்த மனிதரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த ஏழு வரிகளை, பக்கம் வடிவமைக்கும் பெண்ணின் கண்ணில்கூடப் படாமல் கறுப்பு மையால் அடித்தேன். உங்கள் பெயரை மட்டும் மறைக்கச் சொல்லியிருந்தீர்கள். அவருடையதை மறைக்கச் சொல்லத் தோன்றவில்லை.

தோசையை மட்டும் விட்டுவைத்தேன். அது எந்த வீட்டுக்கும் பொருந்தும். எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

'யாரோ' என்ற சொல் உங்கள் கடிதத்தில் ஆறு முறை வருகிறது. யாரோ ஒருவர், யாரோ ஒரு மூன்றாம் மனிதர், யாரென்றே தெரியாத ஆள். ஆனால் முதல் பக்கத்தில் அவர் எத்தனை தோசை சாப்பிட்டார் என்பதுவரை எண்ணி வைத்திருக்கிறீர்கள். வேலைக்கே உலை வைக்கக்கூடிய ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுக்க வந்த ராத்திரியில், ஊரான் வீட்டுப் பெண்ணுக்கு வேலை வைக்கக் கூடாது என்று தன் தட்டைத் தானே கழுவிய மனிதர் அவர். அதைப் பார்த்தவர் நீங்கள். கல்யாணமாகி எத்தனை வருடம் ஆகியும் சொந்தத் தட்டைக் கழுவாத ஆண்களோடு வாழ்கிற நமக்கு அது மனதில் நிற்காமல் போகுமா? உங்களுக்கும் நின்றிருக்கிறது, அதனால்தான் எழுதினீர்கள். உங்கள் அடுக்களையில் உட்கார்ந்து உங்கள் கையால் சாப்பிட்டவர் உங்களுக்கு 'யாரோ' ஆக மாட்டார். அவரை உங்கள் கணவர் நம்பவைத்தார் என்று நினைக்கிறீர்கள். அவர் உங்கள் வீட்டை நம்பினார். அந்த வீட்டில் நீங்களும் உண்டு.

இனி நான் கேட்கப்போவதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். இன்ஸ்பெக்டர் சுமுகமாக முடித்துத் தருவதாகச் சொல்கிறார் என்றால், எதைக் கையில் வைத்துக்கொண்டு முடிப்பார்? உங்கள் அண்ணனிடம் என்ன சொன்னீர்கள்? நான்காம் பக்கத்தில், அண்ணனிடம் 'மேலோட்டமாக' மட்டும் சொன்னதாக ஓர் அரை வரி இருக்கிறது. எனக்கு எழுதியதும் மேலோட்டமாகத்தான் என்று நினைத்திருப்பீர்கள். அந்த ஏழு வரிகளை வைத்து நானே அரை நாளில் அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவேன்.

பெயர் சொல்வது மட்டும்தான் காட்டிக்கொடுப்பது என்று எண்ணாதீர்கள். 1983-இல் லண்டனில் கார்டியன் பத்திரிகைக்கு யாரோ ஓர் உறையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். அமெரிக்க ஏவுகணைகள் பிரிட்டனுக்கு எப்போது வருகின்றன, அதை நாடாளுமன்றத்தில் எப்படி அறிவிப்பது என்பது பற்றிய அரசுக் குறிப்புகளின் நகல் உள்ளே இருந்தது. கொடுத்தது யார் என்று பத்திரிகைக்கே தெரியாது. நகலைத் திருப்பிக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுத்துப் பார்த்தார்கள், கடைசியில் கொடுத்துவிட்டார்கள். எந்த நகல் இயந்திரத்தில் எடுத்தது என்பதை அந்தக் காகிதமே சொல்லிவிட்டது. வெளியுறவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சாரா டிஸ்டல் அகப்பட்டார். வயது 23. ஆறு மாதச் சிறைத் தண்டனை. பத்திரிகையில் யாரும் சிறைக்குப் போகவில்லை. அந்தப் பத்திரிகைக்கு அது இன்றுவரை ஆறாத வடு.

ஒரு காகிதத்தின் ஓரத்து அடையாளமே ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்புமென்றால், நீங்கள் அண்ணனிடம் 'மேலோட்டமாக'ச் சொன்னது என்னென்ன செய்யும்?

சிறை வராது என்று நான் சொல்ல வேண்டும் என எதிர்பார்க்கிறீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன், வரலாம். தகவல் தந்தவரைச் சொல்லும்படி பத்திரிகையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நம் நாட்டில் தெளிவாகச் சொல்லும் சட்டப் பிரிவு ஒன்றுதான் இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டம், பிரிவு 15(2). அதுவும் பத்திரிகைகள் மீதான புகார்களைக் கேட்கும் அந்த பிரஸ் கவுன்சில் முன் நடக்கும் விசாரணைக்கு மட்டும். போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அந்தக் குடை எட்டாது. கோர்ட்டிலும் இந்தப் பாதுகாப்பு வேண்டும், சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேருங்கள் என்று சட்ட ஆணையம் தன் 93-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது 1983-இல். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாட்சியச் சட்டமே பெயர் மாறிப் புதுச் சட்டமாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தும், அந்தப் பிரிவு வரவில்லை. கைபேசிகளை வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தகவல் தருபவரைப் பாதுகாப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனை என்றது. 2023 ஜனவரியில் டெல்லியில் ஒரு சிபிஐ நீதிமன்றம், பத்திரிகையாளருக்கு அப்படிச் சட்ட விலக்கு எதுவும் இல்லை என்றது. உங்கள் கணவர் நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. குற்றம் பற்றி போலீசுக்குத் துப்புக் கொடுத்தவர் யார் என்று சொல்லும்படி அந்த போலீஸ்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியச் சட்டத்திலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும் பாதுகாப்பு உண்டு. உங்கள் கணவரிடம் பெயர் கேட்கிற அதிகாரி, தன்னிடம் துப்புச் சொல்கிறவன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. துப்புச் சொல்பவன் உயிருக்குப் பயப்படுவான் என்று புரிந்துகொண்ட சட்டத்துக்கு, ஊழலைச் சொல்ல வந்த குமாஸ்தாவும் பயப்படுவார் என்பது மட்டும் ஏன் புரியாமல் போயிற்று?

உங்களுக்கே ஒரு பாதுகாப்பு உண்டு, அதையும் அதன் ஓட்டையையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாண வாழ்க்கையில் கணவர் உங்களிடம் சொன்னதைச் சாட்சியாகச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நீங்கள் கண்ணால் பார்த்தது அதில் சேராது. 1954-லேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டது. அந்த மனிதர் வந்ததும் சாப்பிட்டதும் தட்டைக் கழுவியதும் நீங்கள் கண்ணால் பார்த்தவை.

உங்கள் கணவரும் இதைப் படிப்பார் என்கிறீர்கள். அவருக்கும் சொல்கிறேன். அந்த மனிதரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது உங்கள் தப்பு, சார். மனைவியைக் கேட்காமல் அவரைச் சாட்சியாக்கினீர்கள். வாக்குக் கொடுத்தது நீங்கள் ஒருவர், சுமப்பது நான்கு பேர். சுமக்கிறவர்களிடம் ஏன் என்று உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னீர்களா? 'வாயைத் திறக்க மாட்டேன்' என்பது அதிகாரியிடம் சொல்ல வேண்டிய வார்த்தை. சொந்த வீட்டிலும் அதையே சொன்னதால்தான் உங்கள் மனைவி எனக்கு ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார்.

1976-இல், நெருக்கடி நிலையின்போது, எங்கள் வீட்டு மாடியில் ஒருவர் பதினோரு நாள் இருந்தார். அப்பா கூட்டிவந்தவர். மூன்று வேளையும் அம்மாதான் சாப்பாடு கொண்டுபோவார். பிறகு விசாரிக்க வந்தார்கள். 'வந்தவருக்குச் சோறு போட்டேன், பேர் கேட்கலை' என்றார் அம்மா. அது சத்தியம். பதினோரு நாளும் கேட்கவில்லை. அப்பாவிடமும் கேட்கவில்லை. ஏம்மா கேட்கலை என்று பல வருடம் கழித்து நான் கேட்டபோது, 'கேட்டா ஞாபகம் வச்சிக்கணுமே' என்றார். எங்கள் அம்மா ஐந்தாம் வகுப்பு படித்தவர். பத்திரிகை தர்மம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை. இந்த விஷயத்தில் நான் வளைந்துகொடுக்க மாட்டேன் என்றால், அந்தப் பதினோரு நாள்தான் காரணம்.

அந்த மனிதரின் மனைவியைப் பார்த்து அழுது கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே கூடாது. உங்கள் கணவருக்கு சம்மன் வந்திருக்கும் நேரத்தில் நீங்கள் ஏறி இறங்கும் வீடு எது என்று பார்க்க ஆள் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. வாக்கிலிருந்து விடுவிக்க அவர் ஒருவரால்தான் முடியும். அது அவராக மனம் வந்து செய்ய வேண்டியது. 2005-இல் வாஷிங்டனில் மாத்யூ கூப்பர் என்ற டைம் பத்திரிகை நிருபர், சிறைதான் என்று முடிவு செய்து மகனைக் கட்டிக்கொண்டு விடைபெற்றுத்தான் அன்று கோர்ட்டுக்குப் போனார். தகவல் தந்தவர் கடைசி நேரத்தில் விடுவித்ததால் தப்பினார். அதே நாளில் அதே கோர்ட்டில், ஜூடித் மில்லர் என்ற நியூயார்க் டைம்ஸ் நிருபர் சிறைக்குப் போனார். 85 நாள் இருந்தார். தகவல் தந்தவர் தானே பேசி விடுவித்த பிறகுதான் வெளியே வந்தார். அவர் எழுதிய சில செய்திகள் மீது எனக்கு மரியாதை கிடையாது. அந்த 85 நாள் மீது இருக்கிறது. ஆனால் உங்கள் ஆள் பெரிய அதிகாரி இல்லை. அவர் விடுவித்தால் வேலை போகும், அலுவல் ரகசியச் சட்டமும் பாயலாம். ஆறு வயதுப் பிள்ளையோடு ஒரு பெண் வாசலில் நின்று அழுதால், தட்டைக் கழுவுகிற சுபாவம் உள்ளவர் மறுக்க மாட்டார். அதனால்தான் போகாதீர்கள் என்கிறேன்.

இனி நடக்க வேண்டிய காரியங்கள். வந்திருக்கும் நோட்டீஸ் எந்தப் பிரிவில் என்று பாருங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 179 என்றால் சாட்சியாக, 35(3) என்றால் சந்தேக நபராக. இரண்டுக்கும் பேச்சே வேறு. உயர் நீதிமன்றத்தில் பழக்கமுள்ள வக்கீல் வேண்டும், அண்ணனின் இன்ஸ்பெக்டர் வேண்டாம். 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு வழக்கில் செய்தியாளர்களிடம் பறித்த கைபேசிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. கதவு முழுக்க மூடியில்லை. உங்களை விசாரிக்க வேண்டுமென்றால் அவர்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். பெண் சாட்சியை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. பொய் சொல்லாதீர்கள். வக்கீலைப் பார்க்காமல் பேச மாட்டேன் என்று சொல்லுங்கள்.

பத்திரிகை நிர்வாகம் வக்கீல் வைத்துத் தருகிறதா? ஐந்து பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாவட்ட நிருபர்களில் பலருக்கு நியமன உத்தரவே இருக்காது, செய்திக்கு இவ்வளவு என்ற கணக்குதான். செய்தி அச்சாகும் வரை 'நம்ம ஆள்', சம்மன் வந்தால் 'பகுதிநேரம்'. சட்டச் செலவு எங்களுடையது, சிறை நேர்ந்தால் சம்பளம் வீட்டுக்கு வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். இதற்கு நீங்களே ஆசிரியர் முன் போய் உட்காருங்கள். அண்ணனிடம் காட்டிய தைரியத்தை அங்கே காட்டுங்கள்.

உங்கள் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அப்பா எதற்காக ஸ்டேஷனுக்குப் போய் வருகிறார் என்று அவளுக்கு யாராவது சொன்னீர்களா? பள்ளியில் வேறு யாராவது வேறு மாதிரி சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள். ஏன் என்பது மட்டும் போதும். யார் என்பது வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அண்ணனிடம் பேசியதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். என்ன சொன்னீர்களோ அதை அப்படியே, வார்த்தை வார்த்தையாக. சண்டை வரும். வரட்டும். அந்த மனிதர் தயாராக இருப்பதற்கு உங்கள் கணவர் அவருக்கு ஏதோ ஒரு வழியில் சொல்லி அனுப்பியாக வேண்டும், அந்த வழி உங்களுக்குத் தெரிய வேண்டாம். இதழ் வெளிவரும் வரை காத்திருக்க மனமில்லாமல், நீங்கள் தந்த எண்ணை இரண்டு முறை கையில் எடுத்தேன். அந்தக் கைபேசி இப்போது யார் கையில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அதனால் அழைக்கவில்லை. கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். உறையையும்.