ஸ்பூனில் இல்லாத துரு கத்தியில் மட்டும் ஏன்?

கேள்வி: கைவேலைப்பாடு என்று சொல்லி இணையத்தில் விற்ற ஆறு மேசைக்கத்திகளை வாங்கினேன். இரண்டே மாதத்தில் அலகில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. கூடவே வாங்கிய ஸ்பூன், முள்கரண்டியில் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாவற்றையும் ஒரே டிஷ்வாஷரில்தான் கழுவுகிறோம். மட்டமான இரும்பைத் தலையில் கட்டிவிட்டார்களா? பெற்றோரின் திருமண நாளுக்கு நல்ல செட் ஒன்று பரிசளிக்க நினைக்கிறேன். இப்போது பார்த்து வைத்திருப்பதில் ‘கையால் அடித்த டமாஸ்கஸ், 18/10, 62 ராக்வெல், டிஷ்வாஷரில் போடலாம், ஆயுள் முழுக்கக் கூர் மங்காது’ என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: முதலில் அந்தப் பழைய கத்திகள் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுவோம். ஸ்பூனில் துரு இல்லை, கத்தியில் மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். அதை வைத்து இரும்பு மட்டம் என்று சொல்லிவிட முடியாது. அலகைக் கத்திக்கான இரும்பில்தான் செய்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஸ்பூன், முள்கரண்டிகளில் நல்லவை பொதுவாக 18/10 வகை எவர்சில்வர். 18 சதவீதம் குரோமியம், 10 சதவீதம் நிக்கல். துருவை நன்றாகத் தாங்கும், பளபளப்பும் நிற்கும். ஆனால் அதைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ எத்தனை முறை தோய்த்தாலும் இறுகாது. இறுகாத இரும்பில் கூர் நிற்காது. அதனால் அலகுக்கு வேறு எஃகு எடுப்பார்கள்: குரோமியம் 13, 14 சதவீதம், நிக்கல் இல்லை அல்லது பெயருக்குக் கொஞ்சம், கூடவே கார்பன். இது தோய்ச்சல் ஏற்கும், கூர் பிடிக்கும். பதிலுக்குத் துருவைத் தாங்கும் சக்தி குறையும். 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஏறக்குறைய இந்த வகைதான், குரோமியம் சுமார் 13 சதவீதம். ‘கறையே பிடிக்காது’ என்கிற அந்தப் பெயரை நம்பி நூறு வருடமாக ஆட்கள் கத்தியைத் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். ‘கறை கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும் எஃகு’ என்று பெயர் வைத்திருந்தால் என் பட்டறைக்கு வருகிற புகாரில் பாதி வந்திருக்காது.

இப்போது அந்த விளம்பரத்துக்கு வருவோம். ஒரே வரியில் ஐந்து வாக்குறுதி. அதில் ஒன்றை நம்பினால் இன்னொன்றை நம்ப முடியாது.

ராக்வெல் என்பது எஃகின் கடினத்தை அளக்கும் அளவுகோல். 18/10 எஃகு 62 ராக்வெல் கடினம் ஏறாது, எந்த உலையில் வைத்தாலும் ஏறாது. கேட்டால் ‘18/10 என்றது பிடியை’ என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். டமாஸ்கஸ் என்கிறார்களே, அந்த நெளிநெளியான கோலம் எப்படி வருகிறது? இரண்டு வகை எஃகுகளை அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒட்டி, கடைசியில் அமிலத்தில் நனைப்பார்கள். அமிலம் ஒரு எஃகை அதிகமாகவும் இன்னொன்றைக் குறைவாகவும் அரிக்க, கோலம் தெரியும். டிஷ்வாஷரின் காரமான சோப்பும் சூடும் அந்தக் கோலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைக்கும். டமாஸ்கஸ் கத்தியைச் செய்த கை எதுவும் ‘டிஷ்வாஷரில் போடலாம்’ என்று எழுதாது. எழுதியவர் அதைச் செய்தவர் இல்லை, பெட்டியில் வாங்கிப் பெட்டியில் விற்கிறவர்.

(பழைய காலத்து டமாஸ்கஸ் வாள்களின் எஃகு வேறு. தென்னிந்தியாவில் மூசையில், அதாவது சூடு தாங்கும் மண்குடுவையில், உருக்கி ஏற்றுமதி செய்த ஒரே கட்டி எஃகு அது; கோலம் அதற்குள்ளேயே படிந்து வரும். அந்தக் கதையைச் சொல்லி இன்றைய ஒட்டு எஃகை விற்பது தனி வியாபாரம்.)

போலி டமாஸ்கஸ் இன்னும் மோசம். சாதாரண அலகின் மேல் லேசரில் கோலம் போட்டுவிடுகிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஆறு கத்தியையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆறிலும் கோலம் அச்சடித்த மாதிரி ஒரே இடத்தில் ஒரே வளைவாக இருந்தால் அது அச்சடித்ததுதான். உண்மையான அடுக்கு எஃகில் ஒன்று மாதிரி இன்னொன்று வராது. கத்தியின் முதுகையும் பாருங்கள். அடுக்குகளின் கோடு முதுகிலும் தெரிய வேண்டும். முதுகு மொழுமொழுவென்று வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

62 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். சமையலறைக் கத்தி மரப்பலகையில் வெட்டுகிறது. மேசைக்கத்தி பீங்கான் தட்டில் வெட்டுகிறது. பீங்கானின் மேல்பூச்சு கண்ணாடி இனம், கல் மாதிரி. வெள்ளைத் தட்டில் சாம்பல் நிறக் கோடு பார்த்திருப்பீர்கள். தட்டில் கீறல் விழுந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது கத்தியிலிருந்து உரிந்து தட்டில் ஒட்டிய உலோகம். அந்தத் தட்டின் மேல் 62 வைத்தாலும் கூர் மங்கும், கூடவே விளிம்பு சில்லு சில்லாகத் தெறிக்கவும் செய்யும். மேசைக்கு 54 முதல் 58 வரை போதும். மங்கினால் சுலபமாகத் தீட்டிக்கொள்ளலாம். ‘ஆயுள் முழுக்கக் கூர்’ என்பதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

‘கையால் அடித்த’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். பல நாடுகளில் இந்தச் சொல்லை யார் போடலாம், யார் போடக்கூடாது என்று கேட்க ஆள் இல்லை. மெஷின் வெட்டித் தள்ளிய அலகில் கடைசியாகப் பிடியை மட்டும் கையால் தேய்த்தாலும் கைவினைதான், பெட்டிக்குக் கையால் நாடா கட்டினாலும் கைவினைதான். மொத்தமாக அலகு வாங்கி, தன் பெயரைப் பொறித்து, ‘எங்கள் பட்டறை’ என்று விற்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ‘ஜெர்மன் எஃகு’ என்று போட்டிருந்தால் எஃகு மட்டும்தான் ஜெர்மனி. கத்தி எங்கே செய்தது என்று அதில் இல்லை.

பிரான்சின் லாயோல் கத்தி இதற்கு நல்ல உதாரணம். மெல்லிய வளைந்த பிடி, மேலே ஒரு தேனீ உருவம்; பார்த்ததும் தெரிந்துவிடும். லாயோல் என்பது அவேரோன் பகுதியில் ஒரு சிற்றூர். ஆனால் அந்தப் பெயரும் தேனீயும் அந்த ஊருக்கு மட்டும் சொந்தமாகப் பூட்டி வைக்கப்படவில்லை. உலகின் எந்த மூலையில் அச்சடித்த கத்தியிலும் அந்தப் பெயர் இருக்கும். ஊர்க்காரர்களே தங்கள் ஊர்ப்பெயருக்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள். ஒரு ஊரால் முடியாததை விற்பனைத் தளத்தின் ‘சரிபார்க்கப்பட்டது’ முத்திரை செய்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். போலி என்று நான் ஒரு விற்பனைத் தளத்துக்கு எழுதியபோது, விற்பவரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லிப் பதில் வந்தது.

அதனால் பெயரை விடுங்கள். செய்கிறவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். அலகின் எஃகு என்ன பெயர்? பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது? மங்கினால் நீங்களே தீட்டித் தருவீர்களா? செய்கிறவர் என்றால் முதல் கேள்விக்கே 12சி27, 14சி28என் என்று ஏதாவது ஒரு பெயர் சட்டென்று வரும். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’, ‘ஹை கார்பன் பிரீமியம்’ என்று வந்தால் எதிரே இருப்பவர் தரகர். மூன்றாவது கேள்விக்குத் தயங்கினாலும் அப்படித்தான்.

பெற்றோருக்கு என்பதால் கார்பன் ஸ்டீல் வேண்டாம். வெட்டச் சுகமாக இருக்கும், ஆனால் சாப்பிட்ட கையோடு துடைக்காவிட்டால் கறுக்கும், துருப்பிடிக்கும். ரம்பப் பல் வைத்த அலகும் வேண்டாம். பல்லின் நுனிதான் தட்டில் இடிக்கும் என்பதால் நாள்பட உழைக்கும், உண்மை. ஆனால் அறுக்கும்போது பிய்க்கும், மங்கிவிட்டால் வீட்டில் தீட்ட முடியாது. சாதா விளிம்பே நல்லது.

பிடியில்தான் கைவினைக் கத்தியின் தரம் தெரியும். அலகும் பிடியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் தண்ணீரும் அங்கே போய் உட்காரும். உள்ளே துரு ஏறி மரத்தைப் பிளக்கும். காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கடகட என்றால் அது கூடுபிடி, அதாவது உள்ளே வெற்றாக இருக்கும் பிடி; நிரப்பிய பிசின் விட்டுப்போய்விட்டது. மரப்பிடி என்றால் பிசின் ஏற்றி இறுக்கிய மரமா என்று கேளுங்கள்; அது தண்ணீரை அதிகம் குடிக்காது. கொம்புப் பிடி அழகு, ஆனால் சூட்டில் வளையும். வெள்ளைப் பிடியைக் காட்டி ‘பழைய தந்தம்’ என்று யாராவது கிசுகிசுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்தை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1989-லேயே தடை செய்யத் தீர்மானித்துவிட்டது. விற்றவர் காணாமல் போய்விடுவார், சுங்கத்தில் நிற்பது நீங்கள்தான்.

பராமரிப்பு என்பது பெரிய சாஸ்திரம் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் கையால் கழுவி உடனே துடையுங்கள். உப்பும் புளிப்பும் அலகில் காய்ந்தால்தான் புள்ளி விழும். தோல் உறையில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மரப்பிடிக்கு அவ்வப்போது உணவுத் தரமுள்ள மினரல் ஆயில் ஒரு துளி தடவினால் போதும். சமையல் எண்ணெய் பிசுபிசுக்கும்.

டிஷ்வாஷரில் போடவே கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் ‘என் வீட்டில் போடுகிறோமே’ என்று பத்துப் பேர் எழுதுவார்கள். அலகும் பிடியும் ஒரே துண்டு ஸ்டெயின்லெஸ் எஃகில் செய்த கத்தியைப் போடலாம். ஒட்டு இல்லை, மரம் இல்லை, பிசின் இல்லை. ஆனால் அதற்கும் நிபந்தனை உண்டு. கத்தி மற்றதோடு இடிக்காமல் தனியாக நிற்க வேண்டும். வெள்ளிப் பாத்திரத்தோடு சேர்ந்து கிடக்கக்கூடாது. துருப்பிடித்த பழைய கரண்டி ஒன்று உள்ளே இருந்தாலும் அதன் துரு பறந்து வந்து நல்ல கத்தியில் ஒட்டும். கழுவி முடிந்ததும் கதவைத் திறந்து எடுத்துத் துடைக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆவியில் கிடந்தால் ஒரே துண்டாக இருந்தும் பயன் இல்லை. முக்கியமாக, தண்ணீரை மென்மையாக்க அடியில் உப்பு போடுகிற இயந்திரம் என்றால் அந்த மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூடி கசிந்தால் ஒவ்வொரு கழுவலும் உப்புத் தண்ணீர்க் குளியல்தான். உங்கள் கத்திகளுக்கு இதுதான் நடந்ததோ என்று எனக்குச் சந்தேகம், இன்றே பாருங்கள். இவ்வளவையும் கவனிக்கிறவர் கையாலேயே கழுவிவிடலாம் என்பது வேறு விஷயம்.

அந்த ஆறு கத்திகளைத் தூக்கி எறிய வேண்டாம். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய துணியால் அலகின் நீளவாக்கில் தேயுங்கள். பெரும்பாலும் போய்விடும். இரும்பு நார் வேண்டாம், அது போடும் கீறலில் துரு மறுபடி குடியேறும். தேய்த்த பிறகும் குண்டூசி குத்தின மாதிரி குழி தெரிந்தால் அது நிரந்தரம், ஆனால் கத்தி வெட்டும். கூர் மங்கியிருந்தால் பீங்கான் தீட்டுக்கோலில் அழுத்தாமல் பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு. வருடத்துக்கு ஒருமுறை 1000 எண் சாணைக்கல். இரண்டு உலோகத் தகடுக்கு நடுவே கத்தியை இழுக்கிற சின்ன டப்பா ஒன்று விற்கிறார்களே, அது தீட்டுவதில்லை, எஃகைச் சுரண்டி எடுக்கிறது. மோட்டார் சாணையில் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பொறி பறக்கப் பிடித்து விளிம்பில் நீல நிறம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் தோய்ச்சல் போயிற்று, அந்தப் பகுதியைத் தேய்த்து எடுக்கும்வரை கூர் நிற்காது. காசையும் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

திருமண நாள் எப்போது என்று எழுதவில்லை. ஒரே ஆள் நடத்தும் பட்டறை என்றால் ஆறு கத்திக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், அதனால் இப்போதே கேட்டுவையுங்கள். முடிந்தால் முதலில் ஒன்றை மட்டும் வாங்கி உங்கள் வீட்டுத் தட்டில் பத்து நாள் புழங்கிப் பாருங்கள், அப்புறம் மீதி ஐந்துக்குச் சொல்லலாம். ‘ஒன்று தர மாட்டோம், செட்டாகத்தான், நாளைக்கே அனுப்புகிறோம், எத்தனை செட் வேண்டும்?’ என்று பதில் வந்தால், அங்கே பணம் கட்டாதீர்கள்.