விடிய விடிய செல்போன்: மகனிடமிருந்து பிடுங்கலாமா?

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இரவு 2 மணி வரை செல்போன்தான். சாப்பிடும்போதும் திரையைத்தான் பார்க்கிறான். கையில் சோறு காய்ந்துபோகிறது. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கழுத்து வலி என்கிறான். போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குழு, வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான் வருகின்றன. பறித்தால் கோபமும் பொய்யும்தான் மிஞ்சும். 'அடிமை' என்றும் திட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் அடிமைத்தனம் உண்டு. செல்போன் அடிமைத்தனம் என்று தனி நோய் கிடையாது.

முதலில் தூக்கம். இந்த வயதில் 7 முதல் 9 மணி நேரம் தேவை. 2 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுந்தால் 5 மணி நேரம்தான். திரை வெளிச்சம், தூக்கம் வரவழைக்கும் ஹார்மோனான மெலட்டோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு ரீல் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவது. நிறுத்த இடமே கிடைப்பதில்லை. தூக்கம் கெட்டவருக்கு எரிச்சல் வரும், யாராவது பேச வந்தாலே பிடிக்காது. அவர் பேசாமல் இருப்பதில் ஒரு பங்கு இதுவாகவே இருக்கலாம்.

சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். 'அலாரத்துக்காக வைத்திருக்கிறேன்' என்ற காரணம் போய்விடும். சார்ஜர் கட்டிலில் இருந்து கை எட்டாத இடத்தில் இருக்கட்டும். போன் தலையணைக்கு அடியில் இருந்தால் எந்த முயற்சியும் பலிக்காது. ஒரே நாளில் 11 மணிக்குப் படுக்கச் சொன்னால் புரண்டுகொண்டுதான் கிடப்பார். 3 நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் முன்னதாகப் படுத்தால், ஒரு மாதத்துக்குள் 11 மணிக்கு வந்துவிடலாம். எழும் நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோருடைய போனும் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும்தான். முதல் வாரம் மௌனமாகத்தான் போகும். மதிப்பெண் பேச்சை அங்கே எடுக்காதீர்கள்.

தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் ஏறும் சுமை ஏறக்குறைய 27 கிலோ. போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கை மரத்துப்போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். முன்பு ஆசையாக ஆடிய விளையாட்டை விட்டுவிட்டாரா? எடை குறைகிறதா? காரணம் சொல்லாமல் பணம் கேட்கிறாரா? மனச்சோர்வோ, ஆன்லைன் சூதாட்டமோ, கல்லூரியில் யாராவது படுத்தும் பாடோ பின்னால் இருக்கலாம்; போன் அவர் ஒளிந்துகொள்ளும் இடமாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே அழைத்துச் செல்லுங்கள். அன்றிரவு அவரைத் தனியாக விடாதீர்கள்.